எச்டிஎம்ஐ வடங்களின் விலையும் தரமும்

எச்டிஎம்ஐ வடம் என்பது ஒளிவட்டு இயக்கி, கணினி, விளையாட்டுக் கருவி போன்றவற்றிலிருந்து தொலைக்காட்சிக்கோ கணினித்திரைக்கோ எண்ணிம வடிவிலான நிகழ்படத்தையும் ஒலியையும் எடுத்துச் செல்லும் வடம் ஆகும். ஒரே நீளமும் ஒரே வகைப்பாடும் கொண்ட இரு வடங்களின் விலைகள் பத்து மடங்கும் அதற்கு மேலும் வேறுபடுவது உண்டு. விலை உயர்ந்த வடம் கூடுதல் தெளிவும் செறிவான நிறமும் கொண்ட படத்தைத் தரும் என்று விற்பனையாளர்கள் சிலர் கூறுகின்றனர். எண்ணிமக் குறிகைகள் செயற்படும் விதத்தை நோக்கின் இக்கூற்றுக்கு அடிப்படை இல்லை. எனினும் எல்லா வடங்களும் எல்லாப் பயன்பாட்டுக்கும் ஒன்றே என்ற முடிவும் சரியன்று.

வரலாறு

எச்டிஎம்ஐ இடைமுகத்தை இட்டாச்சி, பானசோனிக், பிலிப்சு, சிலிக்கான் இமேச், சோனி, தாம்சன், தோசிபா ஆகிய ஏழு நிறுவனங்கள் இணைந்து உருவாக்கின. இதன் முதற்பதிப்பு 2002 திசம்பரில் வெளியானது. 1999இல் கணினித்திரைகளுக்காக வெளியிடப்பட்ட டிவிஐ இடைமுகத்தின் குறிகை முறையையே இது பின்பற்றியது. அதனுடன் ஒலியையும் கட்டுப்பாட்டுத் தகவல்களையும் சேர்த்துக்கொண்டது.

அடுத்தடுத்து வந்த பதிப்புகள் சிலவற்றில் வடத்தின் வழியே செல்லக்கூடிய தரவின் அளவு கூடி வந்துள்ளது. முதற்பதிப்பில் இது நொடிக்கு 4.95 கிகாபிட்டாக இருந்தது. 2006இல் வெளியான 1.3 பதிப்பில் 10.2 கிகாபிட்டாகவும், 2013இன் 2.0 பதிப்பில் 18 கிகாபிட்டாகவும், 2017இன் 2.1 பதிப்பில் 48 கிகாபிட்டாகவும், 2025இன் 2.2 பதிப்பில் 96 கிகாபிட்டாகவும் உயர்ந்தது.

விலை உயர்ந்த வடங்களுக்கான சந்தை எச்டிஎம்ஐக்கு முற்பட்டது. 1970களின் இறுதியில் அமெரிக்காவில் நோயல் லீ தொடங்கிய மான்சுடர் கேபிள் நிறுவனம், ஒலிபெருக்கிகளுக்கான தடித்த வடங்களைத் தனிப்பொருளாக விற்றுப் புகழ்பெற்றது. ஒலிபெருக்கி வடம் ஒப்புமைக் குறிகையை எடுத்துச் செல்வது. அதில் கம்பி மிக மெல்லியதாகவும் நீளமாகவும் இருந்தால் ஒலியில் உண்மையான மாற்றம் ஏற்படும். "தடித்த வடம், சிறந்த தரம்" என்னும் இந்த எண்ணமே பின்னர் எண்ணிம வடங்களுக்கும் அப்படியே கொண்டுசெல்லப்பட்டது.

ஒப்புமைக் குறிகையும் எண்ணிமக் குறிகையும்

ஒப்புமை முறையில் மின்னழுத்தத்தின் அளவே படத்தின் ஒளி அளவாகும். வடத்தில் குறிகை மெலிந்தால் படமும் மங்கும். இரைச்சல் கலந்தால் படத்தில் புள்ளிகளும் நிழலுருவங்களும் தோன்றும். எடுத்துக்காட்டாக, தரங்குறைந்த நீண்ட விசிஏ வடத்தால் இணைக்கப்பட்ட கணினித்திரையில் எழுத்துகளின் விளிம்புகள் கலங்கித் தெரியும். எனவே ஒப்புமை முறையில் வடத்தின் தரம் சிறிது உயர்ந்தால் படத்தின் தரமும் சிறிது உயரும்.

எண்ணிம முறையில் ஒவ்வொரு படப்புள்ளியின் நிறமும் 0, 1 என்னும் இலக்கங்களாலான எண்ணாக அனுப்பப்படுகிறது. மறுமுனையில் உள்ள சுற்று, வந்து சேர்ந்த மின்னழுத்தம் 0ஐக் குறிக்கிறதா 1ஐக் குறிக்கிறதா என்பதை மட்டுமே முடிவு செய்கிறது. குறிகை வழியில் ஓரளவு மெலிந்திருந்தாலும் அந்த முடிவு சரியாக அமையும் வரை, அனுப்பிய எண்ணே பிசகின்றிக் கிடைக்கிறது. கடிதத்தின் உறை வழியில் கசங்கினாலும் உள்ளே எழுதிய செய்தி மாறுவதில்லை என்பதுடன் இதனை ஒப்பிடலாம்.

குறிகை ஓர் எல்லைக்குக் கீழே சென்றால் முடிவுகள் தவறத் தொடங்கும். அப்போது படம் மெல்ல மங்காமல் திடீரெனச் சிதையும். இது செங்குத்துச் சரிவு விளைவு எனப்படுகிறது.

செயற்படும் விதம்

பரவலாகப் பயன்படும் எச்டிஎம்ஐ இணைப்பானில் 19 ஊசிகள் உள்ளன. 1.0 முதல் 2.0 வரையான பதிப்புகளில் மூன்று இணைக்கம்பிகள் நிகழ்பட, ஒலித் தரவுகளையும், நான்காவது இணைக்கம்பி கடிகாரக் குறிகையையும் கொண்டு செல்கின்றன. ஒவ்வோர் இணையிலும் இரு கம்பிகளில் ஒன்றுக்கொன்று எதிரான குறிகைகள் செல்லும். பெறும் சுற்று இவ்விரண்டின் வேறுபாட்டை மட்டும் அளப்பதால், இரண்டிலும் ஒரே அளவில் கலந்த வெளி இரைச்சல் நீங்கிவிடுகிறது. மேலும் ஒவ்வொரு 8 பிட்டும் 10 பிட்டுகளாகக் குறியேற்றம் செய்யப்பட்டு அனுப்பப்படுகிறது.

1920 × 1080 படப்புள்ளிகளும் நொடிக்கு 60 சட்டகங்களும் கொண்ட நிகழ்படத்திற்கு, திரையில் தெரியாத இடைவெளிகளையும் சேர்த்து, நொடிக்கு 14.85 கோடி படப்புள்ளிகள் அனுப்பப்படுகின்றன. ஒரு படப்புள்ளிக்கு மூன்று நிறங்களுக்குமாக 30 பிட்டுகள் என்பதால் இது நொடிக்கு 4.455 கிகாபிட் ஆகிறது. நான்கு மடங்கு படப்புள்ளிகள் கொண்ட 4கே நிகழ்படத்திற்கு இதே கணக்கில் 17.82 கிகாபிட் தேவை.

2.1 பதிப்பின் உயர்வேக முறையில் நான்கு இணைக்கம்பிகளும் தரவையே கொண்டு செல்கின்றன. இம்முறையில் ரீடு-சாலமன் பிழைதிருத்தக் குறியீடும் சேர்க்கப்பட்டுள்ளது. பழைய முறையில் ஒலித்தரவுக்குப் பிழைதிருத்தம் உண்டு, படப்புள்ளிகளுக்கு இல்லை. பிழையுற்ற படப்புள்ளி மீண்டும் அனுப்பப்படுவதும் இல்லை.

பிழைகள் திரையில் தோன்றும் விதம்

திரையில் தெரியும் பகுதியில் மட்டும் நொடிக்கு ஏறத்தாழ 12.4 கோடி படப்புள்ளிகள் உள்ளன. ஒரு வடத்தில் 100 கோடி படப்புள்ளிகளுக்கு ஒன்று பிழையாகிறது எனக் கொண்டால், சுமார் 8 நொடிகளுக்கு ஒருமுறை ஒரேயொரு புள்ளி, நொடியில் அறுபதில் ஒரு பங்கு நேரம் மட்டும் தவறான நிறத்தில் தோன்றி மறையும். இதனைக் கண்ணால் உணர்வது அரிது. பிழை பத்து இலட்சத்துக்கு ஒன்றாகக் கூடினால், நொடிக்கு நூற்றுக்கு மேற்பட்ட புள்ளிகள் திரையெங்கும் மின்னும். மேலும் கூடினால் கோடுகள் தோன்றும், படம் விட்டுவிட்டு வரும், இறுதியில் திரை முற்றிலும் இருண்டுவிடும்.

இப்பிழைகள் இடம் பாராமல் ஆங்காங்கே நிகழ்பவை. படம் முழுவதும் சற்றுக் கூர்மை குறைய வேண்டுமானால், அடுத்தடுத்த படப்புள்ளிகளின் எண்கள் எல்லாம் ஓர் ஒழுங்குடன் ஒன்றையொன்று நோக்கி மாற வேண்டும். நிறம் வெளிற வேண்டுமானால், எல்லாப் புள்ளிகளிலும் எண்கள் ஒரே விகிதத்தில் மாற வேண்டும். இத்தகைய கணிப்பை ஒரு கம்பியால் செய்ய இயலாது. எனவே "கருமை ஆழமாகத் தெரியும்", "நிறம் செழிக்கும்" என்னும் கூற்றுகள் ஒப்புமை முறைக்கே பொருந்தும். எண்ணிம வடத்திற்குப் பொருந்தா.

திரை இருள்வதற்கு வடமே எப்போதும் காரணம் எனவும் கொள்ள முடியாது. படியெடுத்தலைத் தடுக்கும் எச்டிசிபி முறையில் இரு கருவிகளும் ஒன்றையொன்று உறுதிசெய்து கொள்ளத் தவறினாலும் படம் தோன்றாது.

வடத்தின் வகைப்பாடுகள்

வடங்களைப் பதிப்பு எண்ணால் அன்றி, அவை தாங்கும் வேகத்தால் வகைப்படுத்துவதே எச்டிஎம்ஐ உரிமம் வழங்கும் அமைப்பின் விதியாகும். முதன்மையான வகைகள் பின்வருமாறு:

* சிடாண்டர்டு – 720 கோடுகள் அல்லது ஒன்றுவிட்ட வரி முறையிலான 1080 கோடுகள் கொண்ட நிகழ்படம்.
* ஐ சுபீடு – 10.2 கிகாபிட், 1080 கோடுகள் நொடிக்கு 60 சட்டகம், 4கே நொடிக்கு 30 சட்டகம்.
* பிரீமியம் ஐ சுபீடு – 18 கிகாபிட். 4கே நொடிக்கு 60 சட்டகம். இதற்கான சான்றளிப்பு 2015இல் அறிவிக்கப்பட்டது.
* அல்ட்ரா ஐ சுபீடு – 48 கிகாபிட். 4கே நொடிக்கு 120 சட்டகம், 8கே நொடிக்கு 60 சட்டகம்.
* அல்ட்ரா 96 – 96 கிகாபிட், 2.2 பதிப்புக்கு உரியது.

ஒரு வகைக்கான சோதனையில் தேறிய வடம், அவ்வகைக்குரிய நிகழ்படத்தைப் பிசகின்றிக் கொண்டு சேர்க்கும். அதே வகையில் பன்மடங்கு விலையுள்ள இன்னொரு வடம் கொண்டு சேர்ப்பதும் அதே எண்களையே.

விலையைக் கூட்டும் கூறுகள்

பொன்முலாம்: பொன் செம்பைவிடச் சிறந்த கடத்தி அன்று, அதன் கடத்துதிறன் செம்பினதில் ஏறத்தாழ 70 விழுக்காடே. அது களிம்பேறாது என்பதே இதன் பயன். முலாம் மிக மெல்லியது என்பதால் விலை குறைந்த பல வடங்களிலும் இது காணப்படுகிறது.

வெள்ளி: வெள்ளியின் கடத்துதிறன் செம்பினதைவிட ஏறத்தாழ 6 விழுக்காடு மிகுதி. உயர் அதிர்வெண்ணில் மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்பையொட்டியே செல்கிறது. செம்பில் 1 கிகாகெர்ட்சு அதிர்வெண்ணில் அந்த அடுக்கின் தடிமன் சுமார் 2 மைக்ரோமீட்டர் மட்டுமே. இந்நிலையில் இழப்பு தடைத்திறனின் இருபடி மூலத்தைப் பொறுத்தது. ஆதலால் வெள்ளியால் கிடைக்கும் நன்மை சுமார் 3 விழுக்காடாகச் சுருங்குகிறது. கம்பியைச் சற்றுத் தடிப்பாக்கினால் அதைவிடக் கூடுதலான நன்மை கிடைக்கும்.

அம்புக்குறி: மின்னணுச் சுற்று எதுவும் இல்லாத செப்பு வடத்திற்குத் திசை கிடையாது. உள்ளே சுற்றுகளைக் கொண்ட வடங்களிலும் ஒளியிழை வடங்களிலும் மட்டுமே அம்புக்குறி பொருளுடையது.

சட்டக வீதம்: ஒரு காலத்தில் வடங்களின் உறைகளில் 120 கெர்ட்சு, 240 கெர்ட்சு என அச்சிடப்பட்டது. அக்காலத் தொலைக்காட்சிகள் பொதுவாக வடத்தின் வழியே 60 சட்டகங்கள் வரை பெற்று, மிகுதியைத் தாமே உள்ளே உருவாக்கிக்கொண்டன. எனவே அவ்வெண்ணுக்கும் வடத்துக்கும் தொடர்பு இருக்கவில்லை. 2.1 பதிப்பில் 4கே நிகழ்படத்தின் 120 சட்டகங்கள் உண்மையிலேயே வடத்தின் வழியே செல்கின்றன.

கூடுதல் விலைக்கு நியாயம் உள்ள இடங்கள்

நீளம்: எச்டிஎம்ஐ விதிமுறை வடத்தின் நீளத்துக்கு வரம்பு விதிக்கவில்லை, எட்ட வேண்டிய செயற்றிறனை மட்டுமே கூறுகிறது. நீளம் கூடக்கூடக் குறிகை மெலியும். 2 மீட்டருக்கு மெல்லிய கம்பியே போதும். 10 மீட்டருக்கு 0.5 மில்லிமீட்டர் அளவிலான தடித்த கம்பி தேவைப்படலாம். 48 கிகாபிட் வேகத்தில் சுற்றுகளற்ற செப்பு வடங்கள் பொதுவாக 5 மீட்டருக்குள் அமைகின்றன. அதற்கு மேல் குறிகையைச் சீர்செய்யும் சுற்றுகள் கொண்ட வடமோ ஒளியிழை வடமோ தேவை. இவற்றின் உற்பத்திச் செலவு உண்மையிலேயே மிகுதி.

வேகம்: 48 கிகாபிட் வடத்தில் ஒவ்வோர் இணையிலும் நொடிக்கு 12 கிகாபிட் செல்கிறது. ஒரு பிட்டு நீடிக்கும் காலம் ஒரு நொடியின் இலட்சம் கோடியில் 83 பங்கே. இதற்குள் குறிகை வடத்தில் கடக்கும் தொலைவு 2 சென்டிமீட்டருக்கும் குறைவு. ஆகவே ஓர் இணையின் இரு கம்பிகளும் ஒரே நீளமாக இருப்பதும், முறுக்கும் கவசமும் சீராக அமைவதும் இன்றியமையாதன. 1080 கோடுகளுக்குக் குறையின்றிப் பயன்பட்ட பழைய வடம் 4கே கருவியுடன் இணைத்ததும் தடுமாறுவதற்கு இதுவே காரணம்.

பாதுகாப்பு: சுவருக்குள்ளோ கூரைக்குள்ளோ பதிக்கப்படும் வடத்தின் மேலுறை எளிதில் தீப்பற்றாததாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் இதற்கெனத் தனி மதிப்பீடுகள் உள்ளன. பதித்த வடத்தை மாற்றுவது கடினம் என்பதால், தேவைக்குச் சற்று மேற்பட்ட வகையைப் பதிப்பதும் பொருத்தமானது.

உழைப்பு: அடிக்கடி கழற்றி மாட்டப்படும் வடத்தில் இணைப்பானும் அதன் கழுத்துப் பகுதியும் உறுதியாக இருக்க வேண்டும். இது வடத்தின் ஆயுளைப் பற்றியது. படத்தின் தரத்தைப் பற்றியது அன்று.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

தொலைக்காட்சி விற்பனையில் கடைக்காரருக்குக் கிடைக்கும் இலாப விகிதம் குறைவு. வடம் போன்ற துணைப்பொருள்களில் அது மிகுதி. எனவே தொலைக்காட்சியுடன் விலை உயர்ந்த வடத்தையும் பரிந்துரைக்கும் வழக்கம் உண்டு. கடையில் இரு திரைகளை அருகருகே வைத்துக் காட்டும் ஒப்பீடு, இரண்டும் ஒரே வகைத் திரையாகவும், ஒரே ஒளி அமைப்பிலும், ஒரே வகை இணைப்பிலும் இருந்தாலன்றி வடத்தைப் பற்றி எதையும் நிறுவாது. எந்த வடம் எதில் உள்ளது என்பதைக் காண்பவர் அறியாதிருப்பதும் தேவை.

முதலில் கருவிகளுக்குத் தேவையான வேகத்தையும் நீளத்தையும் அறிந்து, அதற்குரிய வகையைத் தெரிவு செய்ய வேண்டும். பிரீமியம், அல்ட்ரா வகைகளின் உறையில் ஒட்டப்படும் சான்றுச் சிட்டையைத் திறன்பேசியின் செயலி கொண்டு வருடி உண்மைத்தன்மையை அறியலாம். சிட்டை இல்லாத மிக மலிவான வடங்கள் தம் உறையில் கூறும் வேகத்தை எட்டாமல் போவதுண்டு. ஏற்கெனவே உள்ள வடத்தில் மின்னும் புள்ளிகளோ தடங்கலோ இன்றிப் படம் தோன்றினால், அதனை மாற்றுவதால் படம் மேம்படாது.