அரிசிக்குப் பூஞ்சை, பனைக்குச் சுண்ணாம்பு

தூத்துக்குடிக்கும் ஜப்பானுக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. 1893-இல் மிகிமோட்டோ கோகிச்சி சிப்பிக்குள் கருவை வைத்து அரைமுத்து வளர்த்துக் காட்டினார். அந்த வித்தை தேறி, வளர்ப்பு முத்து உலகச் சந்தையில் குவிந்ததும், மூச்சடக்கி எடுக்கும் கடல் முத்தின் விலை எங்கும் சரிந்தது. நம் பக்கத்தில் கடைசிச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடந்தது 1961-இல். பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1973-இல், மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் அதே வித்தையை நம் கடற்கரையிலேயே செய்து உருண்டை முத்தை எடுத்தார்கள். சிப்பியை ஏமாற்றி, அதைக் கொண்டே வேலை வாங்குவதுதான் அதில் உள்ள சூட்சுமம்.

ஜப்பானியரின் சாக்கே என்னும் அரிசி மதுவும் கிட்டத்தட்ட அப்படித்தான். அங்கே வேலை செய்வது சிப்பிக்குப் பதில் பூஞ்சை.

திராட்சையைப் பிழிந்து வைத்தால் போதும், தானே நொதித்துவிடும். சாற்றிலேயே சர்க்கரை இருக்கிறது. அரிசியில் இருப்பதோ மாவுச்சத்து. ஈஸ்ட்டுக்கு மாவு வேண்டாம், சர்க்கரை வேண்டும். அதனால் ஆவியில் வேகவைத்த அரிசியின் மேல் ‘கோஜி’ என்ற பூஞ்சையின் வித்தைத் தூவி, வெதுவெதுப்பான அறையில் இரண்டு நாள் போல வைக்கிறார்கள். அரிசிமேல் வெள்ளையாகப் படரும் அந்தப் பூஞ்சை மாவைச் சர்க்கரையாக உடைக்கிறது. பிறகு தண்ணீர், இன்னும் கொஞ்சம் சோறு, ஈஸ்ட். ஒரே தொட்டியில் ஒரு பக்கம் பூஞ்சை சர்க்கரை ஆக்கிக்கொண்டே இருக்க, மறுபக்கம் ஈஸ்ட் அதைத் தின்று சாராயமாக்கிக்கொண்டே இருக்கும். சமையற்காரர் இறக்க இறக்கப் பந்தியில் காலியாவதுபோல. சர்க்கரை தேங்குவதில்லை என்பதால், ஈஸ்ட் திணறாமல் இருபது விழுக்காடு வரைகூட ஏற்றிவிடும். பின்பு தண்ணீர் கலந்து 15, 16-க்கு இறக்கிப் புட்டியில் அடைக்கிறார்கள். பீர் ஐந்தாறுதான் என்பதை நினைத்துக்கொண்டால் இதன் வீரியம் புரியும். 2024 டிசம்பரில் யுனெஸ்கோ இந்தக் கோஜிக் கைத்திறனை மனிதகுல மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அரிசியைத் தீட்டுவதில்தான் பணம் போகிறது. அரிசியின் வெளிப்புறத்தில் இருக்கும் கொழுப்பும் புரதமும் வாசனையைக் கெடுக்கும் என்று தீட்டித் தள்ளுகிறார்கள். அறுபது விழுக்காடு அல்லது அதற்கும் குறைவாக மிஞ்சும்படி தீட்டினால் ‘கின்ஜோ’, ஐம்பது அல்லது அதற்கும் கீழே போனால் ‘தைகின்ஜோ’. பாதி அரிசி தவிடாகப் போகிறது என்று கேட்டால் நம் வீட்டு ஆச்சிமார் வயிற்றில் அடித்துக்கொள்வார்கள். இந்தத் தீட்டலுக்கு 1896-இல் எந்திரம் செய்தவர் சதாகே ரீச்சி. சதாகே என்ற பெயர் நம் அரிசி ஆலைக்காரர்களுக்குப் புதிதல்ல. அவர் ஊர் ஹிரோஷிமா அருகேயுள்ள சாய்ஜோ.

சாய்ஜோவில்தான் ஆண்டுதோறும் அக்டோபரில் சாக்கே திருவிழா நடக்கிறது. இப்போதைய வடிவில் 1990 முதல். ரயில் நிலையத்தை ஒட்டியே மது ஆலைகள், சுண்ணாம்பு பூசிய வெள்ளைச் சுவர், செங்கல் புகைபோக்கி. ஹிரோஷிமாப் பகுதியில் பொதுவாகத் தண்ணீர் மென்மையானது, தாதுச்சத்து குறைவு. அதில் நொதிப்பு மந்தமாக நடக்கும், சாக்கே கெட்டும் போகும். கோபே பக்கத்து நாதாவில் தண்ணீர் கடினமானது, அதனால் அவர்கள் கொடி பறந்தது. 1890-களில் மியூரா சென்சபுரோ என்பவர் மென்தண்ணீரிலும் மெதுவாக, குளிர்ச்சியில் வைத்து நொதிக்கவிடும் முறையைக் கண்டு அந்தப் பகுதியைக் காப்பாற்றினார். தண்ணீர் குறையென்று உட்காராமல், அதன் குணத்துக்கேற்ப வேலையை மாற்றிக்கொண்ட கதை இது. தாமிரபரணித் தண்ணீரை எதிர்பார்த்துக் குடம் வைத்துப் பழகிய ஊரில் இதைச் சொன்னால் உறைக்கும்.

விழாவில் நடப்பது என்ன? நுழைவுச்சீட்டு வாங்கினால் சிறு கிண்ணம் கொடுப்பார்கள். நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து வந்த நூற்றுக்கணக்கான புட்டிகள் வரிசையாக இருக்கும். இருபது வயது நிரம்பாதவர்களுக்குக் கிடையாது. தொழில்முறைச் சுவைப்பவர்களின் வெள்ளைக் கிண்ணத்தின் அடியில் இரண்டு நீல வளையங்கள் வரைந்திருக்கும். வெள்ளைப் பின்னணியில் நிறத்தையும், நீலக் கோட்டின் விளிம்பு கூர்மையாகத் தெரிகிறதா என்பதை வைத்துத் தெளிவையும் பார்க்கிறார்கள். முதலில் மூக்கு, பிறகு நாக்கில் ஒரு வாய் உருட்டல், பிறகு துப்பல். ஒரு மிடறுக்கு ஒரு மிடறு பச்சைத் தண்ணீர் குடித்துவர வேண்டும் என்பது பழக்கம். சுவைப்பதற்கும் குடிப்பதற்கும் இடையிலான கோடு அந்தத் தண்ணீர்க் குவளைதான். அதை மறந்தவர்கள் சாயங்கால ரயிலில் தூங்கிப் போவார்கள். சாக்கே ஊற்றிச் சமைத்த ‘பிஷுநாபே’ என்ற பானைக்கறியும் உண்டு. ஆலைத் தொழிலாளர்கள் சாப்பிட்டது அது.

இதை அப்படியே தூத்துக்குடியில் நடத்த முடியுமா? 1937-இன் மதுவிலக்குச் சட்டமும், சில்லறை விற்பனையைக் கையில் வைத்திருக்கும் டாஸ்மாக்கும் இருக்கும்வரை எளிதல்ல. 2023-இல் மாநாடு, விளையாட்டு முதலிய நிகழ்ச்சிகளில் மது பரிமாறத் தனி உரிமம் தர அரசு விதியைத் திருத்தியது. திருமண மண்டபங்களும் அதில் சேர்ந்திருந்ததால் எதிர்ப்பு கிளம்ப, அந்தப் பகுதியை விலக்கியது. அதிருக்கட்டும், நம் ஊர்க் கள்ளையே சட்டப்படி இறக்க முடியாதே. 1987-இலிருந்து தடை. 2025 ஜூனில் பெரியதாழையில் சீமான் பனையேறிக் கள்ளிறக்கிப் போராட்டம் நடத்தினார், தடை அப்படியேதான் இருக்கிறது. கேரளத்திலும் இலங்கையிலும் கள் உரிமத்தோடு விற்கிறது.

எனக்கு இதில் சுவாரஸ்யமாகப் படுவது வேறு. சாக்கேக்காரருக்கு நொதிப்பைத் தொடங்க வைப்பதுதான் பாடு. பனையேறிக்கு அதை நிறுத்துவதே பாடு. பாளையைச் சீவியதும் வடியும் சாற்றில் சர்க்கரை கலந்தே வருகிறது, காற்றிலிருக்கும் ஈஸ்ட் அழைக்காமலே வந்துவிடும். கலயத்தில் விட்டால் சில மணி நேரத்தில் கள். அதனால்தான் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசுகிறார்கள். சுண்ணாம்பின் காரம் நொதிப்பைத் தடுக்கும், கிடைப்பது பதநீர். சிப்பியைச் சுட்டெடுத்த சுண்ணாம்பே பெரும்பாலும் பூசினார்கள் என்பதால், கடலின் ஓடு பனையின் சாற்றைக் காவல் காத்திருக்கிறது என்று சொல்லலாம்.

சுண்ணாம்பு கூடினால் நாக்கில் கரிப்பும் எரிச்சலும் வரும், குறைந்தால் புளிக்கும். அந்த அளவு பனையேறியின் கைப்பக்குவம். இந்த வித்தியாசத்தைச் சுவைத்துப் பார்க்கும் விழாவுக்கு மது உரிமம் கேட்டுக் கை கட்டி நிற்க வேண்டியதில்லை. ஊரும் இங்கேயே இருக்கிறது. குதிரைமொழித் தேரியின் சிவந்த மணலும், பனங்காடும், விடிலியில் பதநீர் கொதித்துச் சிரட்டையில் உறையும் கருப்பட்டியும் உள்ள உடன்குடிப் பக்கம். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆண்பனையான அலகுப்பனை ஒரு பக்கம், பெண்பனையான பருவப்பனை ஒரு பக்கம். பங்குனிப் பதநீர், வைகாசிப் பதநீர். இன்ன காட்டில், இன்னார் இறக்கியது என்று கலயத்தின் மேல் எழுதி ஒட்டிவிடலாம். கிண்ணத்துக்குப் பதில் பனையோலைப் பட்டை. நீல வளையம் கிடையாது. ஆனால் மங்கலா தெளிவா என்பது பட்டையில் ஊற்றியதுமே தெரிந்துவிடும். ஊடே வாய் கொப்பளிக்கத் தண்ணீர், கடிக்கப் பயறு. குழந்தைகளும் சுவைக்கலாம், அது சாய்ஜோவில் இல்லாத வசதி.

ஒரே இடைஞ்சல் நேரம். சாக்கேயை அறுபது டிகிரிச் செல்சியஸுக்கு மேல் சூடாக்கிக் கிருமியை அடக்கி வைப்பார்கள்; பாஸ்டருக்கு முன்பே, 16ஆம் நூற்றாண்டிலேயே அந்தப் பழக்கம் ஜப்பானில் உண்டு. அதனால் குளிர்காலத்தில் வடித்தது அக்டோபர் விழா வரை காத்திருக்கும். பதநீர் காத்திருக்காது. வெயில் ஏறினால், சுண்ணாம்பு போட்டும் புளிக்கத் தொடங்கும். ஆகவே பந்தலை முந்தின நாள் ராத்திரியே போட்டு, விடியும் முன் கலயங்களை இறக்கி, காலை ஆறரைக்கு ஊற்ற ஆரம்பித்து, பத்து மணிக்குள் எல்லாரையும் அனுப்பிவிட வேண்டும். மிச்சமிருப்பது விடிலிக்குப் போய்விடும்.