வெட்டுக்கிளிக்குச் சேணம் கட்டலாமா?

ஒரு வெட்டுக்கிளியின் முதுகில் ஒரு மனிதர் ஏறி உட்கார்ந்திருக்கிறார். அடுத்த அட்டையில் மக்காச்சோளக் கதிர்கள் குதிரை வண்டி கொள்ளாமல் கிடக்கின்றன. ஒவ்வொரு கதிரும் ஆள் நீளம். இன்னொன்றில் தூண்டில்காரர் பிடித்த மீன், அவர் வந்த படகைவிடப் பெரியது. எல்லாமே கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள். எல்லாமே அண்டப்புளுகு! ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க மக்கள் இந்தப் புளுகுகளைக் காசு கொடுத்து வாங்கி, தபால்தலை ஒட்டி, உறவினர்களுக்கு அனுப்பிச் சிரித்தார்கள். இன்று பல நாடுகளில் அவற்றைத் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள்.

சிரிப்பு அஞ்சலட்டைக்கும் அறிவியலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறீர்களா, குழந்தைகளே? இந்த மாதிரி அட்டை ஒவ்வொன்றும் இயற்கையின் ஏதோ ஒரு விதியை மீறுகிறது. மீறுவதால்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்த கையோடு, "இது ஏன் நடக்காது?" என்று கேட்டுப் பாருங்கள். மறைந்திருக்கும் விதி வெளியே வந்துவிடும். வாருங்கள், சில அட்டைகளைக் கையில் எடுப்போம்.

முதல் பட அட்டையே கேலிதான்

படம் போட்ட அஞ்சலட்டைகளில் இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழையது 1840ஆம் ஆண்டைச் சேர்ந்தது. லண்டனில் வாழ்ந்த தியோடர் ஹூக் என்ற எழுத்தாளரின் முகவரிக்கு வந்தது அது. குறும்புக்குப் பேர்போன அவர், தமக்குத் தாமே அனுப்பிக்கொண்டார் என்று கருதப்படுகிறது. அட்டையில் கையால் வரைந்த கேலிச்சித்திரம் ஒன்று இருக்கிறது. ஒரு பெரிய மைக்கூட்டைச் சுற்றி அஞ்சல் துறை எழுத்தர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். சிறிய பொருளைப் பெரிதாக்கிச் சிரிக்க வைக்கும் உத்தி அப்போதே வந்துவிட்டது பாருங்கள்! 2002இல் அந்த அட்டை 31,750 பவுண்டுக்கு ஏலம் போனது.

அரசே அஞ்சலட்டை வெளியிடும் வழக்கம் ஆஸ்திரியா-ஹங்கேரியில் 1869 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. நம் நாட்டுக்கு 1879 ஜூலை 1 அன்று வந்தது. விலை கால் அணா. பிறகு படம் அச்சிட்ட அட்டைகள் பெருகின. 1908இல் அமெரிக்க அஞ்சல் துறை ஓராண்டில் கையாண்ட அஞ்சலட்டைகள் 67 கோடிக்கும் மேல். அன்று அந்த நாட்டின் மக்கள்தொகை 9 கோடிகூட இல்லை!

கத்தரியும் பசையும் செய்த மாயம்

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஒட்டாவா என்று ஒரு சிற்றூர். அங்கே புகைப்பட நிலையம் வைத்திருந்தவர் வில்லியம் எச். மார்ட்டின். 1908 வாக்கில் அவர் இந்தப் புளுகுப் படங்களைச் செய்யத் தொடங்கினார். கணினி இல்லாத காலம் அது. எப்படிச் செய்திருப்பார்?

முதலில் ஒரு காலி வண்டியைத் தள்ளி நின்று படம் எடுக்க வேண்டும். அடுத்து ஒரு மக்காச்சோளக் கதிரைக் கேமராவுக்கு மிக அருகில் வைத்து இன்னொரு படம். லென்ஸுக்கு அருகில் உள்ள பொருள் படச்சுருளில் பெரிதாக விழும், தொலைவில் உள்ளது சிறிதாக விழும். இரண்டையும் காகிதத்தில் அச்சிட்டு, கதிரின் ஓரத்தைக் கூர்மையான கத்தியால் பிசிறில்லாமல் வெட்டி, வண்டியின் மேல் ஒட்ட வேண்டும். ஒட்டிய தடம் தெரியாமல் மையால் தொட்டு நிழல் தீட்ட வேண்டும். அந்த ஒட்டுப்படத்தையே மறுபடி புகைப்படம் எடுத்தால் ஒரே நெகட்டிவ் கிடைத்துவிடும். அதிலிருந்து எத்தனை அட்டை வேண்டுமானாலும் போடலாம்.

இதில் கடினமான வேலை வெட்டுவதோ ஒட்டுவதோ அல்ல, வெளிச்சத்தைப் பொருத்துவது. வண்டிக்கு வெயில் இடப்பக்கமிருந்து விழுந்தால் கதிருக்கும் இடப்பக்கமிருந்தே விழ வேண்டும். ஒரே படத்தில் இரண்டு நிழல்கள் இரண்டு திசையில் போனால், வானத்தில் இரண்டு சூரியன்கள் இருந்தாக வேண்டுமே! இந்த வகைப் படத்தைக் கையில் எடுத்ததும் முதலில் நிழல்களைப் பாருங்கள். பிறகு ஓரங்களைப் பாருங்கள். இன்று கைபேசிக்கு வரும் போலிப் படங்களைச் சோதிக்கவும் இந்தப் பழக்கம் உதவும்.

மார்ட்டின் ஏன் காய்கறியையும் தானியத்தையும் தேர்ந்தெடுத்தார்? கான்சாஸ் இருக்கும் சமவெளியில் அப்போதுதான் மக்கள் புதிதாகக் குடியேறி உழத் தொடங்கியிருந்தார்கள். "அந்த மண்ணில் எதைப் போட்டாலும் பொன்னாக விளையும்" என்று நிலம் விற்பவர்கள் ஆசை காட்டினார்கள். வந்து பார்த்தால் வறட்சியும் புழுதியும்தான். அந்த ஏமாற்றத்தை மக்கள் சிரித்தே கடந்தார்கள். 1930களில் கடும் வறட்சியோடு வெட்டுக்கிளிக் கூட்டமும் வந்து பயிரைத் தின்றது. அதே கான்சாஸில் கார்டன் சிட்டி என்ற ஊரிலிருந்த ஃபிராங்க் கோனார்ட் என்ற புகைப்படக்காரர் 1935இல் ராட்சத வெட்டுக்கிளி அட்டைகளைச் செய்ய ஆரம்பித்தார். வெட்டுக்கிளியைத் துப்பாக்கியோடு வேட்டையாடுகிற மாதிரியும், அதன் மேல் சவாரி செய்கிற மாதிரியும் பல அட்டைகள் வந்தன. வயிற்றெரிச்சலை வேடிக்கையாக மாற்றிய அந்த விவசாயிகளின் மனத்திடத்தை நினைத்தால் எனக்கு மரியாதை கூடுகிறது.

பகடைக் கணக்கு

சரி, வெட்டுக்கிளிக்குச் சேணம் கட்ட முடியுமா? தாயம் விளையாடும் சதுரப் பகடைகள் எட்டு இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பகடையைத் தனியாக வையுங்கள். அதைவிட இரண்டு மடங்கு நீளம், அகலம், உயரம் உள்ள ஒரு கட்டியைப் பகடைகளாலேயே அடுக்குங்கள். எத்தனை தேவைப்பட்டன? எட்டும் தேவைப்படும். அதாவது எடை 8 மடங்கு. ஆனால் தரையைத் தொடும் பரப்பைப் பாருங்கள், 4 பகடைகள்தான். எடை 8 மடங்கு கூடியது, தாங்கும் பரப்பு 4 மடங்குதான் கூடியது.

இதை வெட்டுக்கிளிக்குப் போடுவோம். 5 செ.மீ. நீளமும் 2 கிராம் எடையும் உள்ள ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஆள் ஏறி உட்கார வேண்டுமானால் ஒன்றரை மீட்டராவது வேண்டும், அதாவது 30 மடங்கு. காலின் குறுக்குப் பரப்பு 30 × 30 = 900 மடங்கு கூடும். எடையோ 30 × 30 × 30 = 27,000 மடங்கு கூடி 54 கிலோவாகும். ஆகவே காலின் ஒவ்வொரு சிறு பகுதியும் முன்பைவிட 30 மடங்கு பாரம் சுமக்க வேண்டும். வகுப்பில் மீதி 29 பேரும் உங்கள் தோளில் ஏறிக்கொண்டால் எப்படியிருக்கும்? அந்த நிலைமைதான் அதன் கால்களுக்கு. தாவுவது இருக்கட்டும், எழுந்து நிற்பதே பெரும்பாடு!

கால் தப்பித்தாலும் மூச்சு தப்பிக்காது. நம் உடம்பில் இரத்தம் ஆக்ஸிஜனைச் சுமந்து போகிறது. வெட்டுக்கிளிக்கு அப்படி இல்லை, அதன் உடல் ஓரங்களில் சிறு துளைகள் உண்டு. காற்று அவற்றில் நுழைந்து, மெல்லிய குழாய்கள் வழியாகத் திசுக்களுக்கே நேராகப் போகிறது. குட்டி உடம்புக்கு இது அருமையான ஏற்பாடு. உடம்பு பெருத்தால் குழாய்கள் நீண்டுவிடும், உள்ளே போதிய ஆக்ஸிஜன் சென்று சேராது. 30 கோடி ஆண்டுகளுக்கு முன் மெகாநியூரா என்ற தும்பி போன்ற பூச்சி இருந்தது. சிறகை விரித்தால் 65 செ.மீ. அகலம். அன்று காற்றில் ஆக்ஸிஜன் இன்றைய 21 சதவீதத்தைவிட அதிகமாக இருந்ததே அது அவ்வளவு வளரக் காரணமாக இருக்கலாம் என்று விஞ்ஞானிகள் பலர் கருதுகிறார்கள்.

உருவம் பெருத்தால் எடை முந்திக்கொள்ளும் என்ற இந்த விதியைக் கலிலியோ 1638இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். 1926இல் ஜே.பி.எஸ். ஹால்டேன் என்ற உயிரியல் அறிஞர் இதை எல்லோருக்கும் புரியும்படி ஒரு கட்டுரையாக எழுதினார். பிற்காலத்தில் இந்தியாவுக்கு வந்து குடியேறி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தவர் அவர்.

நிஜமான புளுகுகள்

எல்லா அட்டைகளும் ஒரே அளவுக்குப் பொய் அல்ல. வண்டியை அடைக்கும் பரங்கிக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். போட்டிக்காக வளர்க்கப்படும் பரங்கிக்காய்கள் இன்று 1,200 கிலோவையும் தாண்டிவிட்டன! பரங்கிக்காய் எழுந்து நிற்க வேண்டியதில்லை, நடக்க வேண்டியதில்லை, தரையில் கிடந்தால் போதும். ஆனாலும் விதி அதை விட்டுவிடவில்லை. அத்தனை பெரிய காய் உருண்டையாக இருப்பதில்லை. தன் எடையாலேயே அமுங்கி, சப்பையாகப் பரந்து கிடக்கும்.

படகைவிடப் பெரிய மீனும் உண்டு. தண்ணீர் உடம்பைத் தாங்கிக்கொள்வதால் கடலில் கால் ஒடியும் கவலை கிடையாது. மீன்களிலேயே பெரியதான திமிங்கலச் சுறா 12 மீட்டருக்கு மேலும் வளர்கிறது. ஆனால் தூண்டிலில் மாட்டிக் கையால் தூக்குவதெல்லாம் புளுகுதான்.

இன்னொரு அட்டையில் மான் கொம்பு முளைத்த முயல்! வயோமிங் மாநிலத்தின் டக்ளஸ் நகரில் 1930களில் இரு சகோதரர்கள் பாடம் செய்த முயலின் தலையில் மான் கொம்பைப் பொருத்திக் காட்சிக்கு வைத்தார்கள். அந்த முயல் அஞ்சலட்டைகளில் ஏறி நாடெங்கும் போனது. அதே காலத்தில் ரிச்சர்ட் ஷோப் என்ற விஞ்ஞானி, காட்டு முயல்கள் சிலவற்றுக்கு உண்மையாகவே கொம்பு போன்ற கட்டிகள் வளர்வதை ஆராய்ந்தார். ஒரு வைரஸ்தான் காரணம் என்று 1933இல் அவர் காட்டினார். அந்தக் கட்டிகளில் சில பிறகு புற்றுநோயாக மாறுவதும் தெரியவந்தது. பாலூட்டிகளுக்கு வைரஸால் புற்றுநோய் வரலாம் என்பதற்குக் கிடைத்த முதல் சான்றுகளில் அது ஒன்று. மனிதர்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தரும் வைரஸும் அதே குடும்பம்தான். அதைத் தடுக்க இன்று தடுப்பூசி இருக்கிறது. கேலிப்படத்தில் இருந்த முயலை "இது ஏன்?" என்ற கேள்வியோடு பார்த்தால் எவ்வளவு தூரம் போக முடிகிறது!

பூதக்கண்ணாடி என்ன சொல்லும்?

அட்டை சேர்ப்பவருக்கு மிகவும் வேண்டிய கருவி பூதக்கண்ணாடி. படத்தின் மேல் அதைப் பிடியுங்கள். ஒழுங்கான வரிசையில் சின்னஞ்சிறு புள்ளிகள் தெரிந்தால் அது அச்சகத்தில் போட்டது. நம் செய்தித்தாள் படமும் அப்படித்தான். புள்ளியே இல்லாமல் கறுப்பு மெல்ல மெல்லச் சாம்பல் நிறமாக மாறினால் அது அசல் புகைப்பட அட்டை. அதில் தெரியும் கறுப்பு, மை அல்ல, அது வெள்ளி! புகைப்படக் காகிதத்தில் பூசியிருக்கும் வெள்ளி உப்பு, ஒளி பட்டு, மருந்து நீரில் நனைந்ததும் நுண்ணிய வெள்ளித் துகள்களாக மாறுகிறது. அத்துகள்கள் ஒளியை விழுங்கிவிடுவதால் கறுப்பாகத் தெரிகின்றன. பழைய அட்டையைச் சாய்த்துப் பிடித்தால் கறுப்பான இடங்களில் நீலம் கலந்த பளபளப்பு தெரியும். பல ஆண்டுகளாக வெள்ளி மெல்ல மேற்பரப்புக்கு நகர்ந்து வந்ததன் அடையாளம் அது.

அட்டையைத் திருப்பினால் வயதும் தெரியும். தொடக்கத்தில் ஒரு பக்கம் முழுவதும் முகவரிக்கே. சேதியைப் படத்தின் ஓரத்தில்தான் நெருக்கி எழுத வேண்டும். நடுவில் கோடு போட்டு, ஒரு பாதி சேதிக்கும் மறுபாதி முகவரிக்கும் என்று பிரிக்கும் வழக்கத்தைப் பிரிட்டன் 1902இலும் அமெரிக்கா 1907இலும் அனுமதித்தன. அஞ்சல் முத்திரையில் தேதி தெளிவாக இருந்தால் இன்னும் நல்லது.

பழைய அட்டை மாதிரியே இப்போது அச்சிட்டும் விற்கிறார்கள். கடைகளில் ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புற ஊதா விளக்கின் கீழ் பெரியவர்கள் துணையோடு காட்டிப் பாருங்கள்; விளக்கை நேராகப் பார்க்கக் கூடாது. அட்டை பளிச்சென்று நீல வெண்மையாக ஒளிர்ந்தால் அது 1950 வாக்கிலோ அதற்குப் பிறகோ செய்த காகிதமாக இருக்க வாய்ப்பு அதிகம். காகிதத்தை வெண்மையாகக் காட்டும் ஒளிர்பொருள்களை அந்தக் காலத்தில்தான் சேர்க்கத் தொடங்கினார்கள்.

நீங்களும் தொடங்கலாம்

விலை கொடுத்து வெளிநாட்டு அட்டை வாங்க வேண்டும் என்றில்லை. தாத்தா, பாட்டி வீட்டுப் பரணில் பழைய அஞ்சலட்டைகளும் வாழ்த்து அட்டைகளும் இருக்கலாம், கேட்டு வாங்குங்கள். தபால்தலையைப் பிய்க்காதீர்கள். கிழிசலை செல்லோடேப் போட்டு ஒட்டாதீர்கள், அதன் பசை மஞ்சளாகிக் கறை பிடித்துவிடும். ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வையுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் இராமபாணப் பூச்சி காகிதத்தை அரிக்கும், அடிக்கடி திறந்து பாருங்கள்.

ஒரு நோட்டில் ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மூன்று குறிப்புகள் போதும்: எந்த ஊரிலிருந்து எப்போது வந்தது, அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், படம் மீறும் இயற்கை விதி எது. மூன்றாவதற்கு உடனே விடை தெரியாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். அறிவியல் ஆசிரியரிடம் கேளுங்கள், நூலகத்தில் தேடுங்கள், பகடை அடுக்கிப் பாருங்கள். அந்தக் காலி இடம் நிரம்பும் நாளில், அட்டையைப் பார்த்துச் சிரித்தபோது கிடைத்ததைவிடப் பெரிய மகிழ்ச்சி உங்களுக்குக் கிடைக்கும்.