எவரெஸ்டும் கேரி தீவுச் சேறும்: எத்தனை மணிக்குத் திரும்புவது?

1997 மே 23 அன்று எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் மலேசியர்கள் எம். மகேந்திரன், என். மோகனதாஸ். புதிர்ப் போட்டிக்காக நம்ம பிள்ளைங்க இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்திருப்பார்கள். இருவரும் ஏறியதைவிட, பத்திரமாக இறங்கி வந்ததுதான் வகுப்புக்கு உதவும் பாடம் என்பேன்.

முந்தைய ஆண்டு, 1996 மே 10, 11இல், அதே மலையில் புயலில் சிக்கி எட்டுப் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கும்போது. பிற்பகல் 2 மணிக்குள் உச்சியை அடையாவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்ற பேச்சு இருந்தும், சிலர் அதைத் தாண்டி ஏறினார்கள்.

கேரி தீவில் மலை ஏது என்கிறீர்களா? செம்பனையும் வாய்க்காலும் சேறும்தான். ஆனால் கண்டல் காட்டோரம் அப்பாவோடு நண்டு பிடிக்கப் போகும் பிள்ளைக்கும் அதே கேள்விதான். "இன்னும் கொஞ்சம் போய்ட்டு வந்துடலாம்" என்பதில்தான் ஆபத்து.

கிள்ளான் துறைமுகப் பக்கம் கடல் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இந்த ஏற்ற இறக்கம் சுமார் 4 மீட்டர். ஒரு மாடிக்கும் அதிகம். நீர் ஒரே சீராக ஏறுவதும் இல்லை. ஏறும் ஆறு மணி நேரத்தில், மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், மணிக்கு 1, 2, 3, 3, 2, 1 பங்கு என்பது கடலோடிகளின் தோராயக் கணக்கு. முதல் மணி நேரத்தில் 33 செண்டிமீட்டர்தான். மூன்றாவதில் முழுசா 1 மீட்டர்! முதல் மணி நேரத்தைப் பார்த்து ஏமாறுவது இதனால்தான். ஆண்டு 5 பின்னப் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது சிரமம்.

அடுத்து, நீரேற்ற அட்டவணையைக் கொடுத்து, திரும்பும் நேரத்தைக் கணக்கிடச் சொல்லுங்கள். 9.00க்குக் கிளம்பி 11.00க்குள் கரையில் இருக்க வேண்டுமா? இரண்டு மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. சேற்றில் களைத்த கால் மெதுவாகத்தான் வரும். ஆக, நண்டு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் 9.40க்குத் திரும்பணும். போகும் இடத்தையும் 11.00 என்ற நேரத்தையும் தாளில் எழுதி வீட்டில் கொடுக்க வேண்டும். நேரம் தாண்டினால் வீட்டார் 999ஐ அழைக்கத் தயங்கக் கூடாது.

கால் புதைந்தால் இழுத்துப் போராடக் கூடாது. பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, எடையைப் பரப்பி, காலை மெல்ல ஆட்டி எடுக்க வேண்டும். இதைப் பள்ளித் திடலிலேயே நடித்துக் காட்டலாம். சேற்றுக்கு அழைத்துப் போக வேண்டாம். தீவின் மா மெரி பெரியவர் ஒருவர் வகுப்புக்கு வர இசைந்தால், கண்டல் காட்டைப் பற்றிப் பிள்ளைங்களே அவரிடம் கேட்கட்டும்.