பருவத்தின் முதல் பந்தயம்

கார்ட் என்னும் பந்தய வண்டியை முதன்முறையாக அருகில் நின்று காண்போர், இதில் அப்படி என்ன இருக்கிறது என்றே எண்ணுவர். எஃகுக் குழாய்களாலான ஒரு சட்டகம், நான்கு சிறு சக்கரங்கள், பக்கவாட்டில் ஓர் எஞ்சின், தரையை ஒட்டிய ஓர் இருக்கை. சஸ்பென்ஷன் கிடையாது, சட்டகமே வளைந்து கொடுத்து அதிர்வைத் தாங்குகிறது. சீட் பெல்ட்டும் கிடையாது. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பொருத்தப்பட்டிருப்பதால், வளைவில் உட்புறப் பின்சக்கரம் தரையைவிட்டுச் சற்றே எழுந்தால்தான் வண்டி தடையின்றித் திரும்பும். இந்த நுணுக்கத்தை எட்டு, ஒன்பது வயதுக் குழந்தைகள் பாடமாக அன்றி, உடலாலேயே கற்றுக்கொள்கின்றனர்.

1956-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர், புல்வெட்டும் பொறியின் எஞ்சினைக் குழாய்ச் சட்டகத்தில் பொருத்தி உருவாக்கியதே முதல் கார்ட். விளையாட்டாகப் பிறந்த அவ்வண்டிதான் இன்று கார்ப் பந்தய உலகின் தொடக்கப்பள்ளி. அயர்ட்டன் சென்னா, மைக்கேல் ஷூமேக்கர், லூயிஸ் ஹாமில்டன் ஆகிய மூவரும் இதில் பயின்றவர்களே. ஹாமில்டன் சிறுவனாகப் போட்டிகளில் இறங்கிய நாளில், செலவை ஈடுகட்ட அவர் தந்தை பல வேலைகள் பார்த்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. கோப்பைகளைவிட அச்செய்தியே நம் மனத்தில் தங்குகிறது. வங்கிப் பணியின் பழக்கம் போலும்.

நம் நாட்டில் பெங்களூரு, கோலாப்பூர், சென்னை ஆகிய நகரங்களில் இவ்விளையாட்டு வேரூன்றியுள்ளது. ரோட்டாக்ஸ் மேக்ஸ் தேசியப் போட்டியில் மைக்ரோ, ஜூனியர், சீனியர் என வயதுக்கேற்ற வகுப்புகள் உண்டு. எல்லாவற்றிலும் 125 சிசி எஞ்சின்தான்; ஆனால் மைக்ரோவில் அதன் திறன் வெகுவாகக் கட்டுப்படுத்தப்படுகிறது. ஜூனியரில் ஏறத்தாழ 23 குதிரைத்திறன். எனவே சென்ற ஆண்டு மைக்ரோவில் முன்வரிசையில் நின்ற பிள்ளை, இவ்வாண்டு ஜூனியருக்கு உயர்ந்ததும், தன்னினும் மூத்த, உயரமான பிள்ளைகளிடையே மீண்டும் கடைசி வரிசையிலிருந்து தொடங்க நேர்கிறது. புதிய பருவத்தின் முதல் பந்தயம் பெற்றோருக்குக் கசப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

நமது பெங்களூரு கிளையின் வாடிக்கையாளரான ஒரு தம்பதியின் மகள் இவ்வாறு உயர்ந்தவள். தந்தை சிறிய அச்சகம் நடத்துகிறார். தாய் பள்ளி ஆசிரியை. மகளின் மேற்படிப்புக்கென இட்டிருந்த நிரந்தர வைப்பை முறித்துப் பருவச் செலவுக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டு வந்தனர். முன்கூட்டி முறித்தால், வைப்பு இருந்த காலத்திற்குரிய வட்டியே கிடைக்கும்; அதிலும் ஒரு பகுதி அபராதமாகக் கழியும். வைப்பின் மீது கடன் பெற்றால் வைப்பு தொடரும். வட்டி வேறுபாடு சிறிதே. இதை விளக்கிய நாம், இவ்வயதில் பந்தயம் வருவாய் தராது, கடனை மாத வருமானத்திலிருந்தே அடைத்தாக வேண்டும் என்பதையும் மறைக்கவில்லை.

“இது முதலீடு இல்லை சார், செலவுதான். அவளுக்கும் தெரியும்” என்றார் தாய்.

ஒரு பருவத்திற்கான தொகையைக் குடும்பமாக அமர்ந்து முடிவு செய்திருந்தனர். அத்தொகை தீர்ந்தால் பருவம் நடுவிலேயே நிற்கும். மகளும் அதற்கு இசைந்திருந்தாள். கார்ட் பந்தயத்தில் செலவு மாதந்தோறும் சீராக வருவதில்லை. நுழைவுக் கட்டணம், புதிய டயர்கள், குறிப்பிட்ட மணிநேரம் ஓடியபின் எஞ்சினைப் பிரித்துச் சீரமைக்கும் கூலி என மொத்தமாகவே வந்து விழும். ஏமாற்றைத் தடுக்க எஞ்சின்கள் முத்திரையிடப்படுவதால், அங்கீகாரம் பெற்ற நிலையத்தில்தான் அவ்வேலையைச் செய்ய முடியும். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து மிச்சம் பிடிக்க வழியில்லை. தனிநபர் விபத்துக் காப்பீடுகள் பலவும் பந்தயத்தை விலக்கியே வைத்துள்ளன என்பதையும் அன்று எடுத்துரைத்தோம்.

பந்தய நாளில் நாமும் சென்றிருந்தோம். வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்து குறைந்தபட்ச எடை இருந்தாக வேண்டும் என்பது விதி. மெலிந்த உடலினளான அச்சிறுமியின் இருக்கையில் ஈயத் தகடுகளைத் தந்தை ஒவ்வொன்றாக முடுக்கிக்கொண்டிருந்தார். விலா எலும்புக் காப்பும் கழுத்துப் பட்டையும் அணிந்து அவள் பேசாமல் நின்றாள். தகுதிச் சுற்றில் பதினான்கு பேரில் பதின்மூன்றாம் இடம்.

இறுதிச் சுற்றில் இரு வரிசைகளாக மெல்ல ஊர்ந்து வந்த வண்டிகள், விளக்கு அணைந்ததும் ஒருசேரச் சீறின. முதல் வளைவில் முன்னே சென்ற வண்டி திடீரென வேகம் குறைக்க, அவள் வண்டியின் முன்காப்பு அதன் பின்புறத்தில் இடித்து உள்ளே அமுங்கியது. அதன்பின் அவள் ஓட்டியது நன்று. பிரேக்கைத் தாமதித்து மிதித்து ஒருவரை முந்தினாள். இருவர் தமக்குள் மோதித் தடம் விலகியபோது இடைவெளியில் புகுந்தாள். ஒன்பதாவதாக வந்து சேர்ந்தாள். எடைமேடையிலும் குறையில்லை. ஆனால் முன்காப்பு இடம் பெயர்ந்திருந்ததற்காக ஐந்து வினாடி தண்டனை. முடிவுப் பட்டியலில் பதினொன்றாம் இடம்.

தலைக்கவசத்தைக் கழற்றிய சிறுமி அழவில்லை, கோபமாக இருந்தாள். தந்தை பட்டியலைப் பாராமல், சுற்று நேரங்கள் அச்சிட்ட தாளைக் கையில் கொடுத்தார். அவளுடைய கடைசிச் சுற்று, தகுதிச் சுற்றில் பதிவான நேரத்தைவிட அரை வினாடிக்கும் மேல் விரைவு. அதிலும் எந்த வளைவில் நேரத்தை இழந்தாள் என்று இருவரும் தரையில் அமர்ந்து விரலால் கோடு போட்டுப் பேசத் தொடங்கினர்.

அவ்வாரமே தாய் கிளைக்கு வந்தார். அடுத்த சுற்றுக்கு ஐந்து வாரம் இருந்தது. ஓடிய டயர்களைப் பயிற்சிக்கு ஒதுக்கிவிட்டதாகக் கூறி, புதிய டயர்களுக்கும் முன்காப்புக்கும் ஆகும் பணத்தை மட்டும் எடுத்துச் சென்றார்.