செயலியின் துடிப்பைக் கூட்டலாமா?

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணிக்கு வந்தவர்கள் இந்தக் காட்சியைக் கண்டிருப்பீர்கள். காவடி எடுத்த கூட்டம் ஒன்று மலையேறுகிறது. படிகள் மொத்தம் 365. முன்னே செல்பவர் பம்பை அடிக்கிறார். அடிக்கு ஒரு படியாக எல்லோரும் ஏறுகிறார்கள். பம்பையின் வேகம் கூடினால் கூட்டமும் விரைவாக ஏறும். ஆனால் எவ்வளவு கூட்டலாம்? கூட்டத்தில் உள்ள வாட்டசாட்டமான இளைஞரைப் பார்த்து இதை முடிவு செய்ய இயலாது. எல்லோரிலும் மெதுவாகக் காலெடுத்து வைக்கும் முதியவரால் எவ்வளவு முடியுமோ, அவ்வளவுதான் கூட்டலாம். அதற்கு மேல் அடித்தால் அவர் ஒரு படி பின்தங்குவார், வரிசை குலைந்துவிடும்.

உங்கள் மேசைமேல் உள்ள கணிப்பொறியின் செயலிக்குள்ளும் இப்படி ஒரு பம்பை ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்கிறது. தயாரிப்பாளர் குறித்த வேகத்தைவிட அதை விரைவாக அடிக்கச் செய்வதைத்தான் 'ஓவர்கிளாக்கிங்' என்கிறார்கள். நாம் இதை 'மிகைத்துடிப்பு' என்று அழைக்கலாம். காசு செலவில்லாமல் பழைய கணிப்பொறியை விரைவாக ஓட்டலாம் என்று கேள்விப்பட்டு, "செய்து பார்க்கலாமா சார்?" என்று மாணவர்கள் ஆண்டுதோறும் என்னிடம் கேட்கிறார்கள். விடை கூறுமுன் அதில் அடங்கியுள்ள இயற்பியலைச் சற்றுப் பார்ப்போம்.

துடிப்பு எங்கிருந்து வருகிறது?

கைக்கடிகாரத்தில் இருப்பதைப் போன்ற குவார்ட்ஸ் படிகம் ஒன்று தாய்ப்பலகையில் உண்டு. மின்னழுத்தம் கொடுத்தால் அது சீராக அதிரும். இந்த அதிர்விலிருந்து, நொடிக்கு 10 கோடி முறை, அதாவது 100 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுள்ள அடிப்படைத் துடிப்பு பெறப்படுகிறது. செயலி அதை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கிக்கொள்கிறது. பெருக்கெண் 40 என்றால் செயலியின் வேகம் 4 கிகாஹெர்ட்ஸ்; நொடிக்கு 400 கோடித் துடிப்புகள்!

இவ்வேகத்தில் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடைப்பட்ட நேரம் ஒரு நானோ நொடியில் கால் பங்கு. அந்நேரத்தில் ஒளிகூட வெற்றிடத்தில் ஏழரை சென்டிமீட்டர்தான் செல்லும். அதற்குள் செயலி ஒரு வேலையை முடித்தாக வேண்டும்.

வரம்பு ஏன்?

9999 என்ற எண்ணுடன் 1-ஐக் கூட்டிப் பாருங்கள். ஒன்றாம் இடத்தில் 10 வருகிறது. சுழியை எழுதி, ஒன்றைப் பத்தாம் இடத்துக்குத் தூக்கிப் போடுகிறோம். அங்கும் 10, மீண்டும் தூக்கிப் போடுகிறோம். இடப்பக்கக் கடைசி இலக்கம் வரை இது தொடர்கிறது. ஆனால் 4321 உடன் 1-ஐக் கூட்ட இவ்வளவு பாடு இல்லை. ஆகவே எல்லாக் கூட்டல்களும் ஒரே நேரத்தை எடுத்துக்கொள்வதில்லை.

செயலியிலும் இதே கதைதான். டிரான்சிஸ்டர்களாலான தருக்க வாயில்கள் வழியாக மின்குறிப்பு ஒவ்வொன்றாகக் கடந்து செல்கிறது. ஒவ்வொன்றிலும் சிறு தாமதம் ஏற்படுகிறது. மிக நீண்ட பாதையில் செல்லும் குறிப்பே நம் கூட்டத்து முதியவர். அது வந்து சேர்வதற்குள் அடுத்த துடிப்பு விழுந்தால், செயலி பாதி முடிந்த விடையையே முழு விடை என்று பதிவு செய்துகொள்ளும். திரையில் எச்சரிக்கை எதுவும் தோன்ற வேண்டும் என்பதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கே வருவோம்.

தயாரிப்பாளர் விட்டுவைத்த இடைவெளி

அப்படியானால் மிகைத்துடிப்பு எப்படிச் சாத்தியமாகிறது? ஒரே சிலிக்கான் தகட்டில் வெட்டியெடுத்த இரு சில்லுகள்கூட அச்சு அசலாக ஒன்றுபோல் அமைவதில்லை. தயாரிப்பாளர் அவற்றைச் சோதித்துத் தரம் பிரிக்கிறார். வெயில் மிகுந்த அறை, மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கம், ஆண்டுக்கணக்கில் உழைப்பதால் வரும் தேய்வு ஆகிய எல்லாவற்றையும் தாங்கிச் சரியான விடை தரக்கூடிய வேகத்தையே சில்லின்மேல் பொறிக்கிறார். உண்மையில் முடிந்த வேகத்துக்கும் பொறித்த வேகத்துக்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கும். மிகைத்துடிப்பு செய்பவர் இந்த இடைவெளியைத்தான் செலவு செய்கிறார்.

1998-இல் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ இதற்குப் பெயர்போன எடுத்துக்காட்டு. அதன் பெருக்கெண் நாலரை. அடிப்படைத் துடிப்பு சுமார் 66 மெகாஹெர்ட்ஸ் என்பதால் அதன் வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். ஆர்வலர்கள் அடிப்படைத் துடிப்பை 100 ஆக்கினார்கள். பல சில்லுகள் 450 மெகாஹெர்ட்சில் சலிக்காமல் ஓடின! ஒன்றரை மடங்கு வேகம் இனாமாகக் கிடைத்தது.

இன்று அவ்வளவு கிடைக்காது. இக்காலச் செயலிகள் தம் வெப்பநிலையைத் தாமே அளந்து, இயலும்போது தாமாகவே வேகத்தைக் கூட்டிக்கொள்கின்றன. ஆகவே நமக்கு மிஞ்சும் இடைவெளி குறைவு.

வேகத்தின் விலை

செயலியின் ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் ஒரு சின்னஞ்சிறு மின்தேக்கியைப் போல நிரம்பி, காலியாகிறது. ஒவ்வொரு முறையும் சிறிதளவு ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. இவ்வெப்பம் துடிப்பின் அதிர்வெண்ணுக்கு நேர் விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் அமையும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு செயலி 1.2 வோல்ட்டில் 65 வாட் எடுத்துக்கொள்கிறது என்க. அதன் வேகத்தை 20 விழுக்காடு கூட்டுகிறோம். அவ்வேகத்தில் அது தடுமாறவே, டிரான்சிஸ்டர்கள் விரைந்து இயங்கும்பொருட்டு மின்னழுத்தத்தை 10 விழுக்காடு கூட்டி 1.32 வோல்ட் ஆக்குகிறோம். இப்போது வெப்பம் 1.2 × 1.1 × 1.1, அதாவது சுமார் 1.45 மடங்கு. 65 வாட் 94 வாட் ஆகிவிட்டது. கூடிய வேகம் 20. கூடிய வெப்பம் 45.

இதோடு முடியவில்லை. சில்லு சூடேறினால் உலோக இழைகளின் மின்தடை கூடுகிறது; வழக்கமான மின்னழுத்தங்களில் டிரான்சிஸ்டர்களும் பொதுவாக மந்தமாகின்றன. குறிப்பு மேலும் தாமதமாக வந்து சேர்கிறது. வேகம் கூட்டியதால் வந்த வெப்பம், அந்த வேகத்துக்கே பகையாகிவிடுகிறது. அதனால்தான் 2022-இல் ஒரு செயலியை 9 கிகாஹெர்ட்சுக்குக் கொண்டுசென்றவர்கள், கழிவு 269 டிகிரி செல்சியசில் கொதிக்கும் திரவ ஹீலியத்தை ஊற்றிக் குளிர்விக்க வேண்டியிருந்தது. அது பந்தயச் சாதனை, வீட்டுக்கு ஆகாது.

டிசம்பரில் சரி, ஏப்ரலில் பிழை

என் அனுபவம் ஒன்றைக் கூறுகிறேன். எம்.எஸ்ஸி. படித்தபோது என்னிடம் 2 கிகாஹெர்ட்ஸ் கணிப்பொறி ஒன்று இருந்தது. அடிப்படைத் துடிப்பு 200 மெகாஹெர்ட்ஸ், பெருக்கெண் 10. ஒரு டிசம்பர் இரவில் 200-ஐ 290 ஆக்கினேன். இரண்டு மணி நேரம் சோதித்தேன். ஒரு குறையும் இல்லை. எனக்கு ஏற்பட்ட பெருமை கொஞ்சமல்ல.

ஏப்ரல் வந்தது. திருத்தணி வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை; வேலூருடன் சேர்த்து எங்கள் ஊரின் பெயரும் செய்திகளில் அடிபடும் காலம் அது. என் அறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. செய்முறைத் திட்டத்துக்காக இரவெல்லாம் ஒரு தொகையிடல் கணக்கை ஓடவிட்டிருந்தேன். ஒரே நிரலை, ஒரே எண்களுடன் இருமுறை ஓட்டியபோது நான்காம் தசம இடத்தில் விடைகள் வேறுபட்டன. கணிப்பொறி நிற்கவில்லை, புகையவில்லை, திரையில் ஒரு சொல்லும் இல்லை. பிழை என் நிரலில்தான் என்று நம்பி ஒன்பது நாட்கள் தேடினேன். கடைசியில் துடிப்பை மீண்டும் 200-க்கு இறக்கினேன். எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே விடை! அதுவரை எழுதியிருந்த அட்டவணைகளில் எது சரி, எது பிழை என்று அறிய வழியில்லாததால் அனைத்தையும் கிழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன்.

நடந்தது என்ன? டிசம்பரில் அறை வெப்பநிலை 24 டிகிரி, ஏப்ரலில் 41. அறை 17 டிகிரி சூடேறினால் சில்லும் ஏறத்தாழ அதே அளவு சூடேறும். காற்று விசிறியால் சில்லை, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்விக்க முடியாதல்லவா? டிசம்பரில் எஞ்சியிருந்த மிகச் சிறிய இடைவெளியை ஏப்ரல் தின்றுவிட்டது.

செய்து பார்க்க விரும்புவோருக்கு

1. எல்லாச் செயலிகளிலும் பெருக்கெண்ணை மாற்ற இயலாது. இன்டெலில் பெயரின் இறுதியில் 'கே' எழுத்துள்ள மேசைக் கணிப்பொறிச் செயலிகளும், ஏ.எம்.டி.யின் ரைசன் மேசைச் செயலிகளில் பெரும்பாலானவையும் இடம் தரும். தாய்ப்பலகையும் இடம் தர வேண்டும். உத்தரவாதம் போகலாம் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

2. முதலில் விசிறியில் படிந்த தூசியைத் துடையுங்கள். வெப்பப் பசை காய்ந்திருந்தால் புதிதாக இடுங்கள். பலருக்கு இதுவே போதும்; சூடேறித் தானாக வேகம் குறைந்த செயலி பழைய வேகத்துக்கு வந்துவிடும்.

3. முக்கியக் கோப்புகளுக்குப் படி எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பயாஸ் அமைப்பில் பெருக்கெண்ணை ஒன்று மட்டும் கூட்டுங்கள். மின்னழுத்தத்தைத் தொடாதீர்கள்.

4. ஒவ்வொரு படியிலும் விடை தெரிந்த கணக்கால் சோதியுங்கள். மெர்சென் பகா எண்களைத் தேடுவோர் பயன்படுத்தும் பிரைம்95 என்னும் நிரல் இதற்கு உகந்தது. செயலி தரும் விடையைச் சரியான விடையுடன் அது ஒப்பிட்டுப் பார்க்கும். பிழை ஒன்று வந்தாலும் இரு படி கீழே இறங்குங்கள்.

5. சோதனையை நண்பகலில் செய்யுங்கள். கோடையில் மறுபடியும் செய்யுங்கள். அறை வெப்பநிலையை அருகில் குறித்து வையுங்கள்.

செயலி எரிந்துவிடுமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். இக்காலச் செயலிகள் அளவுமீறிச் சூடானால் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறினால் அணைந்துவிடும். நான் அஞ்சுவது பிழையான விடைக்கே. விளையாட்டில் ஓர் எண் பிழைத்தால் திரையில் ஒரு புள்ளி நிறம் மாறும், அவ்வளவுதான். ஆய்வுக் கணக்கிலோ கடைக் கணக்கிலோ அப்படி விட்டுவிட முடியுமா?

ஆகவே என்னைக் கேட்கும் மாணவர்களுக்கு நான் கூறுவது இதுதான்: கற்றுக்கொள்வதற்காகச் செய்யுங்கள், பழைய கணிப்பொறியில் செய்யுங்கள். பிறர் நம்பும் கணக்கை ஓட்டும்போது பொறித்த வேகத்துக்கே திரும்பிவிடுங்கள். திருத்தணிக் கோடையில் மின்னழுத்தத்தைச் சிறிது குறைத்து, அப்போதும் விடைகள் சரியாக வருகின்றனவா என்று சோதிப்பது இன்னும் நல்ல செய்முறை. 10 விழுக்காடு குறைக்க முடிந்தால் வெப்பம் 19 விழுக்காடு குறையும். எப்படி என்று மேலே உள்ள கணக்கைக் கொண்டு நீங்களே கண்டுபிடியுங்கள்.