நாற்பது வயதில் பார்க்க வேண்டிய பிரஷர்

மறதி நோயை எழுபது வயதுக்காரர்களின் கவலையாகவே நாம் பார்க்கிறோம். மூளையோ வெகு முன்பே மாறத் தொடங்கிவிடுகிறது. அங்கே பாயும் ரத்தத்தை இன்று ஊசியோ சாயமோ இல்லாமல் அளக்கலாம். கழுத்து வழியே ஏறும் ரத்தத்தை எம்.ஆர்.ஐ. கருவி காந்தத்தால் அடையாளமிட்டு, சில நொடிகளில் அது மூளையில் எங்கே போய்ச் சேர்ந்தது என்று படமெடுக்கிறது. பரம்பரையாக முன்மூளை மறதி நோய் வரும் குடும்பங்களை இப்படி ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு, நோய் தலைகாட்டக்கூடிய வயதுக்குச் சுமார் 12 ஆண்டுகள் முன்பே ரத்த ஓட்டம் குறைவதைக் கண்டது. அல்சைமர் அபாயத்தைக் கூட்டும் அபோ-ஈ4 மரபணு உள்ளவர்களுக்கு, ஞாபகம் தெளிவாக இருக்கும்போதே நினைவுப் பகுதியின் நுண்குழாய்கள் கசிவதை 2020இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர்.

அப்படியானால் எல்லோரும் மரபணுப் பரிசோதனைக்கு ஓட வேண்டுமா? வேண்டாம். ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் நடந்த இந்திய-அமெரிக்க ஆய்வில், அமெரிக்கரைவிடக் குறைவானவர்களிடமே இந்த மரபணு இருந்தது. இருந்தவர்களுக்கு அபாயம் அமெரிக்காவில் உள்ளதைப் போலவே கூடியிருந்தது. ஆனாலும் அது இருக்கும் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. அதை மாற்றவும் வழியில்லை. ரத்தக் குழாயைக் காக்க வழியுண்டு. ரத்தம் குறைந்து மூளை கெடவில்லை, மூளைச் செல்கள் சோர்ந்ததால்தான் ரத்தம் குறைந்தது என்று ஏன் சொல்லக் கூடாது என்பது நியாயமான கேள்வி. இந்த மரபணு உள்ள இளம் வயதினரிடம் ரத்த ஓட்டம் கூடியிருந்ததாகச் சொல்லும் ஆய்வுகளும் உண்டு. ஆகவே ஸ்கேனை வைத்துத் தனி ஒருவருக்கு ஜோசியம் சொல்ல முடியாது. ஆனால் பிரஷருக்கான சிகிச்சை தந்த பலன் கண்முன் இருக்கிறது. சீனாவின் 326 கிராமங்களில் ரத்த அழுத்தம் கூடிய சுமார் 34,000 பேரைச் சேர்த்த ஆய்வு 2025இல் வெளியானது. பாதிக் கிராமங்களில் உள்ளூர் மருத்துவப் பணியாளர்களே பிரஷரைக் கட்டுக்குள் கொண்டுவந்தனர். நான்கு ஆண்டுகளில் மற்றக் கிராமங்களைவிட அங்கே மறதி நோய் 15 சதவீதம் குறைவாக இருந்தது. அவர்களின் மரபணுவை யாரும் தொடவில்லை.

திருப்பூர் அருகே உள்ள ஊத்துக்குளிக்கு இதில் நேரடிப் பாடம் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் புறநோயாளிகளைப் பார்க்கும் நேரத்தில், நாற்பது வயது டெய்லரும் செக்கிங் பெண்ணும் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலையில் இருப்பார்கள். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டப் பணியாளர்கள் வீட்டுக் கதவைத் தட்டும்போதும் அவர்கள் வீட்டில் இருப்பதில்லை. தலைசுற்றினால்தான் பிரஷர் பார்ப்பது என்ற பழக்கம் ஆபத்தானது. கூடிய பிரஷர் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. கம்பெனியிலேயே பிரஷர் பார்த்தால் வேலை கெடும் என்பார்கள் முதலாளிகள். கையில் பட்டையைச் சுற்றி அளந்து முடிக்க ஒரு டீ நேரம் போதும். பெரிய ஏற்றுமதி நிறுவனங்களோடு நின்றுவிடாமல், ஜாப் ஒர்க் செய்யும் சிறு யூனிட்டுகளிலும் வருடத்துக்கு ஒருமுறையாவது இந்தச் சோதனை நடக்க வேண்டும். பிரஷர் இருப்பது தெரிந்தவருக்கு மாத்திரை மாதாமாதம் தடையில்லாமல் கிடைக்க வேண்டும். தாய் தந்தைக்கு மறதி நோய் இருந்த குடும்பத்தினர் இதை முதலில் செய்துகொள்ள வேண்டும்.