நீரில் வாழ்வும் காற்றில் மூச்சும்

நுழையும்முன்

மூச்சு, உணவு, நீர் முதலிய தேவைகள் உயிர்கள் பலவற்றுக்கும் பொதுவானவை. அவற்றை நிறைவேற்றும் உறுப்புகளோ வேறுபடுகின்றன. அவ்வேறுபாடுகளை ஒப்பிட்டு ஆராயும் துறை ஒப்பீட்டு உடற்செயலியல் எனப்படும். புதுக்கோட்டை மாவட்டத்து உயிரினங்கள் இரண்டின் மூச்சை ஒப்பிட்டு விளக்குகிறது இப்பாடம்.

கண்மாயும் கடலும்

புதுக்கோட்டை மாவட்டத்தின் உட்பகுதி வானம் பார்த்த பூமி. மழைக்காலத்தில் நிறையும் கண்மாய்கள் பல கோடையில் வற்றிச் சேறாகின்றன. கிழக்கே மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் முதலிய ஊர்களை அடுத்துப் பாக் விரிகுடாவின் ஆழம் குறைந்த கடல் பரந்துள்ளது. அதன் அடித்தளத்தில் கடற்புற்கள் வளர்கின்றன. கண்மாயில் வாழும் விராலும் இக்கடலில் வாழும் கடற்பசுவும் நீருக்குள் வாழ்ந்தும் காற்றைச் சுவாசிப்பவை. முன்னது மீன், ஆவுளியா என்றும் அழைக்கப்படும் பின்னது பாலூட்டி.

விரால்

நீர் வெப்பமடையும்போது அதில் கரைந்திருக்கும் உயிர்வளி குறைகிறது. கோடையில் கண்மாய் சுருங்கும்போது, செவுள்களையே நம்பியிருக்கும் கெண்டை மீன்கள் மூச்சுத் திணறி மடிகின்றன. விராலோ பிழைத்துக்கொள்கிறது. அதன் செவுள்களுக்கு மேலே, குருதிநாளங்கள் செறிந்த சவ்வினையுடைய காற்றறைகள் உள்ளன. நீர்ப்பரப்புக்கு வந்து வாயால் காற்றை உள்வாங்கி, அவ்வறைகளின் வழியே அது உயிர்வளியைப் பெறுகிறது. நீர் வற்றினாலும், தோலும் காற்றறைகளும் ஈரமாக இருக்கும்வரை சேற்றுக்குள் புதைந்து வாழ்கிறது. ஆயினும், வளர்ந்த விராலுக்குச் செவுள்கள் மட்டும் போதா. மேலெழ விடாமல் தடுத்தால், மீனாக இருந்தும் அது நீருக்குள் மூச்சடைத்து இறக்கும்.

கடற்பசு

கடற்பசுவின் முன்னோர் நிலத்தில் வாழ்ந்த பாலூட்டிகள். எனவே அதற்குச் செவுள்கள் இல்லை, நுரையீரலே உண்டு. சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது மேலெழுந்து மூச்சு விடுகிறது. அதன் உணவாகிய கடற்புல்லோ கடலடியில் உள்ளது. காற்று நிறைந்த நுரையீரல் உடலை மிதக்கச் செய்யும். எடைமிக்க, செறிவான எலும்புகள் அம்மிதப்பை ஈடுசெய்து, அடித்தளத்தில் மேய உதவுகின்றன. முதுகையொட்டி நீண்டிருக்கும் நுரையீரல், உடல் கிடைநிலையில் நிற்கத் துணைபுரிகிறது. வலையில் சிக்கி மேலெழ இயலாதபோது கடற்பசு மூழ்கி இறக்கிறது.

ஒப்பீடு உணர்த்துவது

விரால், செவுளோடு காற்றறையையும் பெற்ற மீன். கடற்பசு, நிலத்து முன்னோரின் நுரையீரலைக் கடல்வாழ்வுக்கு ஏற்பத் தகவமைத்துக்கொண்ட பாலூட்டி. வழிகள் வேறாயினும் இரண்டும் மேலெழுந்தே மூச்சு விடுகின்றன. இத்தகவமைப்புகள் எண்ணற்ற தலைமுறைகளில் உருவானவை. கண்மாய் தூர்க்கப்படுவதும் இழுவலையால் கடற்புல் சிதைவதும் சில ஆண்டுகளில் நிகழ்ந்துவிடுகின்றன. அவ்வளவு விரைவாக இவ்வுயிர்களின் உடல் மாறுவதில்லை.

இதனை உணர்ந்தே தமிழ்நாடு அரசு, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை, நாட்டின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக 2022ஆம் ஆண்டு அறிவித்தது. வலையில் சிக்கிய கடற்பசுவை மீனவர் உடனே விடுவிப்பதும், ஊரார் தம் கண்மாயைத் தூர்ந்துபோகாமல் காப்பதும் இவ்வுயிர்களின் மூச்சைக் காக்கும் செயல்களே.